பல்லுக்கு முன்னால் ஒரு திமில்

பேராவூரணியிலிருந்து சேதுபாவாசத்திரம் போகிற பக்கம் ஒரு கிராமம். காலை ஆறரை மணிக்கு அந்த ஊரின் ஒரு வீட்டு வாசலில் சத்தம் கேட்கும். சர்... சர்... சர்... மூன்று முறை. சின்ன இடைவெளி. மறுபடி மூன்று முறை. புதிதாக அந்தத் தெருவில் நடப்பவர்கள் யாரோ அரிவாள் தீட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். எட்டிப் பார்த்தால், முருங்கை மரத்தடியில் ஐம்பது வயதைத் தொடும் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் ஒரு தென்னை அடிக்கட்டை. கட்டையின் நடுவில் ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள் மரம் அறுக்கும் மிஷினின் பார் கச்சிதமாக இறங்கி அசையாமல் நிற்கும். அம்மா கையில் பென்சில் தடிமனுக்கும் குறைவான ஓர் உருண்டை அரம்.

அரம் போடும் நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. எண்ணிக்கை தப்பிவிடும். வீட்டுக்காரர் டீ டம்ளரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார்.

அந்த வீட்டில் மிஷின் வந்த கதை, டெல்டாவில் பல வீடுகளில் மிஷின் வந்த கதைதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. இவர்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னை. மொத்தம் 140 மரம். பொழுது விடிந்து தோப்புக்குப் போனபோது 112 மரம் கீழே கிடந்தது. சில வேரோடு சாய்ந்திருந்தன. சில பாதியில் முறுக்கி ஒடிந்திருந்தன. வீட்டுக்காரரின் அப்பா வைத்து, குடம் சுமந்து தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே நாளில் மரம் விழுந்தால் வெட்ட ஆள் எங்கே கிடைக்கும்? கேட்ட கூலியைக் கொடுத்தாலும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. மரத்தை அப்படியே போட்டு வைக்கவும் முடியாது. அழுகுகிற தென்னந்தண்டு காண்டாமிருக வண்டுக்குத் தொட்டில். அதில்தான் முட்டையிடும், புழு கொழுக்கும், பிறகு வண்டாகிப் புதிதாக நட்ட கன்றின் குருத்தைத்தான் குடையும். காயம்பட்ட மரத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வந்து சேரும். தப்பி நின்ற 28 மரத்தையும், நடப்போகிற கன்றுகளையும் காப்பாற்ற வேண்டுமானால் விழுந்ததைச் சீக்கிரம் துண்டு போட்டு வெளியேற்றியே ஆக வேண்டும்.

வீட்டுக்காரரும் அவருடைய மச்சானும் சேர்ந்து ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஒரு மிஷின் வாங்கினார்கள். 58 சிசி, 20 அங்குல பார். கடையில் செடிக்கட்டையை வைத்து அறுத்துக் காட்டியபோது வெண்ணெயில் கத்தி இறங்கியது போல இறங்கியது. தோப்புக்குக் கொண்டுவந்த முதல் நாள் இரண்டரை மரம் வரைக்கும் அந்த வெண்ணெய் நீடித்தது. அப்புறம் புகைதான் வந்தது.

தென்னை சாதாரண மரம் இல்லை. வேம்பு, புளி போன்ற மரங்களுக்கு வைரம் உள்ளே இருக்கும். தென்னைக்கும் பனைக்கும் வைரம் வெளியே, சோறு உள்ளே. அதனால்தான் பழைய இலக்கணம் இவற்றை மரக் கணக்கிலேயே சேர்க்காமல் புல் கணக்கில் வைத்தது. வெளிச் சுற்றில் இருக்கும் நார் இரும்பைத் தின்னும். நாருக்குள் மணல் சத்தான சிலிக்கா வேறு இருக்கிறது. அதுவும் போதாதென்று, விழுந்த மரத்தில் பேராவூரணி மணல் முழுக்க ஒட்டிக் கிடந்தது. முழு வேகத்தில் ஓடும் செயின் ஒரு நொடிக்குச் சுமார் 20 மீட்டர் போகும். அந்த வேகத்தில் நான்கு மணல் துகள் பட்டால் போதும், பல்லின் முனை உருண்டுவிடும்.

மழுங்கின செயினை டவுனுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கடையில் சாணைச் சக்கரத்தில் பிடித்துக் கொடுத்தார்கள். பல் நீலம் பாரித்துத் திரும்பி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பு நீலமாகும் அளவுக்குச் சூடேறினால் அதன் பதம் கெட்டுவிடும். அந்தக் கூர் ஒரு மரத்துக்குக்கூடத் தாங்கவில்லை. சாணைச் சக்கரம் ஒவ்வொரு முறையும் பல்லைத் தாராளமாகத் தின்றது. மூன்று முறை போய்வந்ததில் பல் பாதியாகிவிட்டது. புது செயின் ஒன்று வாங்கினார்கள். அதுவும் அதே வழியில் போனது. பஸ் செலவு, கூலி, புது செயின் என்று கணக்குப் பார்த்தால், அரசு கொடுக்கும் 500 ரூபாயில் பாதியைச் செயினே தின்றுவிடும் போலிருந்தது. இந்தக் கணக்கையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தவர் அந்த அம்மாதான்.

கார்த்திகை மாதக் கடைசியில் வெளி மாவட்டங்களிலிருந்து மரம் வெட்டுகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இந்த வீட்டுத் திண்ணையில் 11 நாள் தங்கினார். ஊரே அவரைக் குமரிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. அறுபது வயதிருக்கும். ரப்பர் தோட்டங்களில் மிஷின் பிடித்த கை. அவர் காலையில் எழுந்ததும் செய்த முதல் வேலை, நின்றிருந்த ஒரு தென்னை அடிக்கட்டையில் மிஷினாலேயே ஒரு வெட்டுப் போட்டு, பாரை அதற்குள் செருகியதுதான்.

"இதாங்க பட்டறை. இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்" என்றார்.

அவர் சொன்னதும் செய்ததும் இன்றைக்கும் அந்த வாசலில் அப்படியே நடக்கிறது.

முதலில் மிஷினை அணைத்து, ஆற வைத்து, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். கைக்கு உறை வேண்டும். செயினில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கையும் தூளையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடைத்துவிட வேண்டும். பிசுக்கின் மேல் அரம் ஓட்டினால் அரத்தின் வாய் அடைத்துக்கொள்ளும். அரத்துக்கு எண்ணெய் போடவே கூடாது.

அடுத்தது அரத்தின் அளவு. இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கடையில் போய் 'செயின் அரம் ஒண்ணு' என்று கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார்கள். செயினில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ஆணியை எடுத்துக்கொண்டு, முதல் ஆணியின் நடுவிலிருந்து மூன்றாவது ஆணியின் நடுவு வரை ஸ்கேலில் அளக்க வேண்டும். இவர்களுடைய செயினில் அது பதினாறரை மில்லிமீட்டர். அதற்கு 4.8 மில்லிமீட்டர் அரம். அந்த இடைவெளி 19 மில்லிமீட்டர் வந்தால், பெரிய மிஷினாக இருந்தால் 5.2 அல்லது 5.5, கையடக்க மிஷினில் வரும் தாழ்ந்த செயினாக இருந்தால் 4. சந்தேகமிருந்தால் செயின் வந்த அட்டைப் பெட்டியிலேயே அளவு போட்டிருக்கும். அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது. அரம் பெரிதாக இருந்தால் பல்லின் முனை மொண்ணையாகவே நிற்கும். சிறிதாக இருந்தால் முனை கொக்கி போலக் குடைந்துவிடும். அந்தக் கொக்கி ஆரம்பத்தில் ஆவேசமாகக் கடிக்கும், அரை மணி நேரத்தில் ஒடிந்துபோகும்.

அரம் பிடிக்கும் கோணம் 30 டிகிரி. இதைக் குமரிக்காரர் கடிகாரத்தை வைத்துச் சொன்னார். பாரைக் குறுக்கே நேராகக் கடக்கிற கோட்டை 12 மணி முள் என்று வைத்துக்கொண்டால், அரம் 1 மணி முள் காட்டும் பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். மறுபக்கத்துப் பல்லுக்கு 11 மணி. பல பல்லின் முதுகில் இந்தச் சாய்வுக்கு ஒரு கோடும் கீறியிருப்பார்கள். அரம் மேலும் கீழும் ஆடாமல் படுக்கையாகப் போக வேண்டும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் பல்லின் மேல் விளிம்புக்கு வெளியே தெரிய வேண்டும்.

தள்ளும்போது மட்டும்தான் அரம் வெட்டும். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி, தூக்கிக்கொண்டு திரும்ப வர வேண்டும். பாத்திரம் தேய்ப்பது போல முன்னும் பின்னும் தேய்த்தால் அரம்தான் சாகும். உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துப் பல்லை முதலில் முடிக்க வேண்டும். ஒரு பல் விட்டு ஒரு பல் அந்தப் பக்கத்துடையது. பிறகு மறுபுறம் போய் உட்கார்ந்து மீதியை முடிக்க வேண்டும். இவர்களுடைய செயினில் மொத்தம் 38 பல். பக்கத்துக்கு 19. முதல் பல்லில் மகள் வைத்திருந்த நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்கள், எங்கே ஆரம்பித்தோம் என்று தெரிவதற்கு. பல்லுக்கு மூன்று தேய்ப்பு. ரொம்ப மழுங்கியிருந்தால் ஐந்து. எதுவானாலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால் மிஷின் நேராக அறுக்காது, வளைந்துகொண்டே போகும். வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் லேசாகவும் விழுவது இயல்பு. வளைந்து அறுக்கிறது என்றால் மிஷினைக் குறை சொல்லாமல் பல்லை அளந்து பார்க்க வேண்டும்.

கூர் வந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்கத் தேவையில்லை. காலை வெயிலில் பல்லைக் காட்டிப் பார்த்தால், மழுங்கிய முனையில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கும். கூரான முனையில் வெளிச்சம் நிற்க இடமே இருக்காது. அந்த வெள்ளைக் கோடு மறையும் வரைதான் வேலை. மிஷின் ஓடும்போது வருவதைப் பார்த்தும் சொல்லலாம். சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு மாவாக விழுந்தால் இல்லை. மிஷினை அழுத்திப் பிடித்தால்தான் இறங்குகிறது என்றால் அன்றைக்கு வேலையை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு அரத்தை எடுக்க வேண்டும்.

இந்தப் பல்லின் வடிவத்துக்கும் ஒரு புழுவுக்கும் சம்பந்தம் உண்டு. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டி, ஒரு அடிமரத்தைப் பிளந்தபோது உள்ளே ஒரு வண்டின் புழு மரத்தைக் குடைந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். அது இடப்பக்கம் ஒரு கடி, வலப்பக்கம் ஒரு கடி என்று மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டே குறுக்கும் நெடுக்குமாகப் போனது. அதன் தாடை 'சி' வடிவம். அதுவரை மிஷின் செயினில் கைரம்பம் போன்ற கீறும் பல்தான் இருந்தது, அதைத் தீட்டியே ஆட்கள் அலுத்துப்போனார்கள். காக்ஸ் தன் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து புழுவின் தாடையைப் போல இடம் ஒன்று, வலம் ஒன்றாக வளைந்த பல்லைச் செய்தார். இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுவது அந்தப் பல்லின் வம்சம்தான். நம் மாமரத்தைத் துளைத்துச் சக்கை தள்ளுகிறதே தண்டுத் துளைப்பான், அதுவும் அந்தப் புழுவின் குடும்பம்தான். நம்மைப் படுத்துகிற பூச்சியையும் சும்மா உற்றுப் பார்த்தவருக்கு ஒரு தொழிலே கிடைத்திருக்கிறது.

குமரிக்காரர் இருந்த 11 நாளும் வீட்டுக்காரரும் மச்சானும் மகனும் அவரிடம் அரம் போடக் கற்றுக்கொண்டார்கள். மகனுக்கு அப்போது 20 வயது. கை வேகம். மூன்றாம் நாளே குமரிக்காரர், "தம்பிக்கு கை வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா அவர்களுக்குக் கஞ்சியும் டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். ஆண்கள் தோப்புக்குக் கிளம்பிவிட்ட ஒரு காலையில், மிஷினில் ஏதோ சரிசெய்வதற்காகத் தங்கிய குமரிக்காரரிடம் அவர் ஒரு கேள்வி கேட்டார். அதுவரை ஆண்கள் மூவரும் கேட்காத கேள்வி.

"அண்ணே, ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலயும் காளை மாட்டுத் திமில் மாதிரி ஒண்ணு நிக்கிதே. அதுக்கு எதுக்கு அரம் போடல?"

குமரிக்காரர் நிமிர்ந்து பார்த்தாராம். "அதுதான் தங்கச்சி, மொத்த மிஷினுக்கும் மூக்கணாங்கயிறு" என்றாராம்.

பிறகு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தத் திமில்தான். திமில் பல்லைவிடச் சற்றே தாழ்ந்திருக்கும். இந்த மாதிரிச் செயினில் 0.65 மில்லிமீட்டர். அந்தத் தாழ்வு எவ்வளவோ அவ்வளவு கடி. பல்லின் மேல்பக்கம் பின்னோக்கிச் சரிந்திருப்பதால், அரம் போடப் போடப் பல் பின்னுக்குப் போவதோடு உயரமும் குறையும். திமில் அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே மட்டம் ஆகிவிடும். அப்போது பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடாது. அதனால் நான்கு முறை அரம் போட்டால் ஒரு முறை திமிலைப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு அளவுத் தகடு விற்கிறது. அதைச் செயின் மேல் வைத்தால், அதிகப்படியான திமில் மட்டும் துளை வழியாக மேலே துருத்தும். துருத்துவதைத் தட்டை அரத்தால் ஒன்று இரண்டு தேய்ப்புத் தேய்த்து, முன் முனையை லேசாக உருட்டிவிட வேண்டும்.

"கொறைச்சா திரும்ப ஏத்த முடியாது தங்கச்சி. பல்லுல தப்புப் பண்ணா மரம் அறுக்காது. இதுல தப்புப் பண்ணா ஆளை அறுக்கும்" என்று சொல்லி, தன் பையிலிருந்த தகட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அம்மா அதைச் சாமி மாடத்தில், நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லவும் செய்தார். வீட்டுக்காரர் அசதியில் "சரி சரி" என்றார். அவ்வளவுதான். 1,100 ரூபாய் பணம் எப்போது வரும் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். யார் காதில் விழும்?

குமரிக்காரர் ஊருக்குப் போய்விட்டார். மார்கழி முழுக்க மகன்தான் அரம் போட்டான். நன்றாகவே போட்டான். தையில் ஒரு நாள், செயின் பளிச்சென்று கூராக இருந்தும் மாவு மாவாகத்தான் கொட்டியது. இரண்டு நாள் எரிச்சலில் இருந்தான். பிறகு கூட்டாளி ஒருவன் சொல்லி, திமில் உயர்ந்துவிட்டதுதான் காரணம் என்று தெரிந்துகொண்டான். இதில் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். பையன் கண்டுபிடித்தது சரிதான். நோய் சரி, மருந்தின் அளவுதான் தெரியவில்லை. பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து கை கிரைண்டரை இரவல் வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்தான்.

அம்மா பார்த்துவிட்டார். "தம்பி, அதுக்கு ஒரு தகடு இருக்குப்பா. அந்த அண்ணன் கொடுத்தது. அதை வெச்சு..."

"ஒனக்கு என்னம்மா தெரியும் மிஷினைப் பத்தி. போய் வேலையப் பாரு."

வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. கிரைண்டர் 38 திமிலையும் கண்ணளவில் சீவியது.

அன்றைக்கு மதியம் வரை மிஷின் பேய் மாதிரி அறுத்தது. மகன் சந்தோஷமாக இருந்தான். ஒவ்வொரு பல்லும் அளவுக்கு மீறிக் கடித்தது, மிஷின் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதை வேகம் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்று மணிக்கு, ஒரு தண்டை அறுக்கும்போது பார் முனையின் மேல்பக்கம் பின்னால் கிடந்த இன்னொரு தண்டில் உரசியது. அந்த இடத்தில் எந்தச் செயினுமே எகிறும். அளவான திமில் இருந்திருந்தால் எகிறல் குறைவாக இருந்திருக்கலாம். இது கடித்த கடியில் மிஷின் முழுசாக மேலே துள்ளித் திரும்பி, இறங்கும்போது இடது தொடையில் இறங்கியது. கைக்கு முன்னால் இருக்க வேண்டிய பிரேக் மட்டையும் ஒரு மாதம் முன்பே உடைந்து, மாற்றாமல் விட்டிருந்தார்கள்.

14 தையல். எலும்புக்கும் பெரிய ரத்தக் குழாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. வைத்தியம் பார்த்தவர்கள் இரண்டு விரல்கடை தள்ளியிருந்தால் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ராத்திரி வீட்டுக்காரர் மிஷினைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில் சாக்கு போட்டு மூடினார். விற்றுவிடுவது என்று மச்சானிடமும் சொல்லியாயிற்று. தோப்பில் இன்னும் 31 தண்டு கிடந்தது. மாசி வந்தால் வண்டு வெளியே கிளம்பிவிடும் என்று ஊருக்குள் பேசிக்கொண்டார்கள். கூலிக்கு ஆள் தேடினார்கள். கிடைத்தவர் அடுத்த மாதம் வருவதாகச் சொன்னார்.

நான்காம் நாள் காலையில் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். முருங்கை மரத்தடியில் அடிக்கட்டை. அதில் பார். புதுச் செயின். அந்த அம்மா தகட்டை வைத்து, புதுச் செயினில் ஒவ்வொரு திமிலாகப் பார்த்து, அளவு எப்படி இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். சிறுவாட்டுப் பணத்தில் செயினும், பிரேக் மட்டையும், ஒரு தட்டை அரமும் வாங்கிவரச் சொல்லித் தன் தம்பியை முதல் நாளே டவுனுக்கு அனுப்பியிருக்கிறார்.

"என்ன பண்ற?" என்றார் வீட்டுக்காரர்.

"பாத்தா தெரியலையா."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அருகில் உட்கார்ந்து, "அந்தத் தகடு எப்படி வெக்கிறது, காட்டு" என்றார். கல்யாணமாகி 22 வருடத்தில் அவர் ஒரு வேலையைக் கற்றுக்கொடு என்று மனைவியிடம் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். வீட்டுக்காரர் மறுப்பதில்லை.

மீதி 31 தண்டையும் வீட்டுக்காரரும் மச்சானும் அறுத்து முடித்தார்கள். அறுக்கிற முறையும் மாறியது. அறுக்கப்போகும் இடத்தில் முதலில் அரிவாளால் சுற்றிலும் மண் ஒட்டிய மேல்தோலைச் செதுக்கிவிடுவார்கள். தண்டை முக்கால் பாகம் மேலிருந்து அறுத்து, உருட்டிப் போட்டு மீதியை அறுப்பார்கள், செயின் மண்ணைத் தொடாமல் இருக்க. பார் முனையை எதிலும் படவிடுவதில்லை. இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு ஒரு முறை மிஷின் வாசலுக்கு வரும். அதே செயின் மாசிக் கடைசி வரை ஓடியது. நோட்டில் அந்த மாதத்துச் செயின் செலவு என்ற இடத்தில் ஒரு அரத்தின் விலை மட்டும் இருக்கிறது.

இப்போது அந்தத் தோப்பில் புதிய மரங்கள் பாளை விட்டுவிட்டன. மிஷினுக்கு வேலை குறைவு. ஆனாலும் சுற்று வட்டாரத்திலிருந்து செயினைச் சாக்குப் பையில் சுற்றிக்கொண்டு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். கூடவே கேள்விகளும் வரும். பழைய இன்ஜின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றலாமா என்று ஒருவர் கேட்பார். அதில் இரும்புத் தூளும் கரியும் இருக்கும், பாரைத் தின்றுவிடும் என்று அம்மா சொல்வார். பல் எவ்வளவு தேயும் வரை ஓட்டலாம் என்று இன்னொருவர் கேட்பார். பல்லின் முதுகு நான்கு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் கழற்றிவிட வேண்டும், அதற்கு மேல் ஓட்டினால் பல் தெறித்து முகத்துக்கு வரும் என்பார். ஒரு பல் கல்லில் பட்டு ரொம்பச் சிதைந்திருந்தால் அதை மட்டும் சரிசெய்தால் போதாதா என்று கேட்டவரிடம், எது ரொம்பக் குட்டையோ அதன் அளவுக்கு மற்ற 37-ஐயும் கொண்டுவர வேண்டும் என்று சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனது. பாதி நாள் வேலை அது.

காசு வாங்குவதில்லை. ஒரே நிபந்தனை, கொண்டுவந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துப் பல்லைத் தானே போட வேண்டும்.

மகன் ஒரு வருடம் மிஷினைத் தொடவில்லை. அதன் சத்தம் கேட்டாலே எழுந்து போய்விடுவான். யாரும் வற்புறுத்தவில்லை. ஒரு கோடை மழைக் காற்றில் பக்கத்து வீட்டுக் கூரை மேல் புளியங்கிளை முறிந்து விழுந்தபோது, வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். அவனாகவே கொட்டகைக்குப் போய் மிஷினை எடுத்துவந்தான். ஸ்டார்ட் செய்யவில்லை. நேராக அம்மா முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"பாத்துட்டியாம்மா?"

"நேத்தே பாத்தாச்சு. 19-ம் 19-ம் சரியா இருக்கு. திமிலும் பாத்துட்டேன்."

"தகட்டைக் குடு. நானும் ஒரு தடவ பாத்துக்கிறேன்."

அம்மா எழுந்து சாமி மாடத்திலிருந்து தகட்டை எடுத்துவந்து கொடுத்தார். நகப்பூச்சு வைத்த பல்லிலிருந்து அவன் ஆரம்பித்தான்.